216 இன்ஜினில் கேஜ் காட்டாத ஆயில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்து 1951 செவர்லெட் ஒன்றரை டன் லாரி, உள்ளே பழைய 216 (216 கன அங்குல) இன்ஜின். வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்ததை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஓட்டியும் பார்த்துவிட்டீர்கள். ஓடும்போது ஆயில் பிரஷர் காட்டும் கேஜ், சதுர அங்குலத்துக்கு 13, 14 பவுண்டைத் தாண்டவில்லை. ஐடிலில் விட்டால் முள் படுத்துவிடுகிறது. மெக்கானிக் "பம்ப் போச்சு, ரிலீஃப் ஸ்பிரிங்கை இழுத்து விடலாம், 50 நம்பர் ஆயில் ஊத்தலாம்" என்கிறார் (ரிலீஃப் ஸ்பிரிங் என்பது பிரஷர் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் வால்வின் ஸ்பிரிங்). அதற்கு முன் இந்த இன்ஜினுக்குள் ஆயில் எப்படித்தான் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள். அந்த முள்ளை நம்பலாமா கூடாதா என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. முள் தாழ்ந்து நிற்பது இந்த இன்ஜினுக்கு நோய் இல்லை. அதே சமயம் முள் நிமிர்ந்து நின்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 1970-களில் கோவைப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் பையனாகச் சேர்ந்து தொழில் பழகியவன். வருவதெல்லாம் டாடாவும் லேலண்டும்தான். ஆனாலும் பழைய செவர்லெட், ஃபார்கோ, பெட்ஃபோர்டு ஒன்றிரண்டு எப்போதும் மரத்தடியில் நிற்கும். செவர்லெட் இங்கே வந்த வழி இரண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாய் சேவ்ரியில் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றது. 1954-ல் கடையைக் கட்டியது. இன்னொன்று, இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த சிஎம்பி (கனேடியன் மிலிட்டரி பேட்டர்ன்) ராணுவ லாரிகள். போர் முடிந்து டிஸ்போசலில் ஏலம் போன அந்த வண்டிகளில் செவர்லெட் வகைக்கும் இதே 216 குடும்ப இன்ஜின்தான். 3½ அங்குல போர், 3¾ அங்குல ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் நான்கு மெயின் பேரிங். 1937 முதல் 1953 வரை ஏறக்குறைய இதே உருவத்தில் ஓடியது.

இனி ஆயிலின் பாதை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் பாத்திரம்தான் சேம்பர். அதன் அடியில் வலைத் தொப்பி வழியாக ஆயிலை உறிஞ்சுவது ஒரு கியர் பம்ப். அதைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் கீழே நீண்டு பம்பைப் பிடித்துக்கொள்கிறது. பம்ப் தள்ளும் ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு வால்வு பெட்டிக்குப் போகிறது. அதற்கும் ஆயில் டிஸ்ட்ரிபியூட்டர் என்றுதான் பெயர், கரண்டு பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கிருந்து பிளாக்கில் துளைத்த வழிகளில் நான்கு மெயின் பேரிங்குகளுக்கும் கேம் பேரிங்குகளுக்கும் பிரஷரோடு ஆயில் போகிறது. முன்பக்கம் டைமிங் கியர் மேல் ஒரு சின்ன ஜெட் பீய்ச்சுகிறது. மேலே ராக்கர் ஷாஃப்டுக்கு ஒரு குழாய் ஏறுகிறது. ராக்கரை நனைத்த ஆயில் புஷ் ராடு போகும் ஓட்டைகள் வழியாக டேப்பெட்டை நனைத்துக்கொண்டு கீழே சேம்பருக்கே வந்து சேர்கிறது. இதுவரை எந்த இன்ஜினிலும் இருப்பதுதான். இந்தப் பாதையில்தான் கேஜும் மாட்டியிருக்கிறது.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு வரும்போதுதான் 216 தனிவழி போகிறது. இன்றைய இன்ஜின்களில் கிராங்கைக் குறுக்கே துளைத்து, மெயினிலிருந்து ராடு பேரிங்குக்கு பிரஷரிலேயே ஆயிலைக் கொண்டுபோவார்கள். 216 கிராங்கில் அந்தத் துளையே கிடையாது. ஒவ்வொரு ராடு கேப்பின் (ராடை கிராங்கோடு சேர்த்துப் பூட்டும் அடிமூடியின்) அடியிலும் ஒரு சின்னக் கரண்டி துருத்திக்கொண்டிருக்கும். இங்கிலீஷில் டிப்பர் என்பார்கள். நம்மூரில் டிப்பர் என்றால் மண் அடிக்கும் லாரி, அதனால் நான் கரண்டி என்றே சொல்லிவிடுகிறேன். கரண்டிக்குக் கீழே, சேம்பருக்குள், சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தொட்டிகள். பம்ப் அந்தத் தொட்டிகளை நிரப்பிக்கொண்டே இருக்கும். ராடு கீழே வரும் ஒவ்வொரு முறையும் கரண்டி தொட்டியில் முங்கி, ஆயிலை வாயில் வாங்கி, கேப்பில் இருக்கும் துளை வழியாக பேரிங்குக்குள் திணிக்கும். சிதறும் துளிகள்தான் சிலிண்டர் சுவர், பிஸ்டன், பின் எல்லாவற்றையும் நனைக்கின்றன. மாட்டுச் செக்கு காலத்து ஏற்பாடு என்று சிரிக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் செவர்லெட்காரர்கள் அதோடு விடவில்லை. ஐடிலில் கரண்டி நொடிக்கு ஏழெட்டு முறைதான் முங்குகிறது. தொட்டி ஆயில் தாராளமாகப் போதும். 3,000 சுற்றில் அதே கரண்டி நொடிக்கு 50 முறை வருகிறது. ஒருமுறை கிழித்துப் போன பள்ளம் மூடுவதற்குள் அடுத்த முறை வந்துவிடும், அள்ளக் காற்றுதான் மிஞ்சும். அதனால் சேம்பருக்குள் ஒரு பைப்பும், அதில் ராடுக்கு ஒன்றாக ஆறு நாசில்களும் வைத்தார்கள். இன்ஜின் வேகம் ஏறி பிரஷர் கூடியதும், பக்கவாட்டு வால்வு திறந்து நாசில்களுக்கு ஆயிலை விடும். நாசிலிலிருந்து கம்பி போல் பீறிடும் ஆயில், கரண்டி வந்து சேரும் இடத்தில் அதன் வாய்க்கு நேராக நிற்கும். ஓடிவரும் கரண்டி அந்தக் கம்பியில் போய் மோதும். ஒரு கணக்கு சொல்கிறேன். 3,000 சுற்றில் கிராங்க் பின் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆயிலில் மோதும்போது கரண்டி வாயில் கணக்குப்படி ஏறும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14 பவுண்டு. பம்ப் கொடுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். ஐடிலில் அரைப் பவுண்டுகூட வராது, ஆனால் அப்போது ராடு மேல் சுமையும் இல்லை. ராடு பேரிங்குக்கு பம்ப் ஆயிலைக் கொண்டுவந்து கொடுக்கிறது, அழுத்தி உள்ளே ஏற்றுவது கிராங்கின் வேகம்.

இப்போது கேஜுக்கு வாருங்கள். உங்கள் டேஷ்போர்டில் ஒரிஜினல் கேஜ் இருந்தால் அது 30 பவுண்டு வரைதான் காட்டும். ஓட்டத்தில் முள் பாதியில் நிற்கும்படிதான் இந்த இன்ஜினைச் செய்தார்கள். தொட்டி, நாசில் என்று இத்தனை இடத்தில் ஆயில் திறந்துவெளியில் கொட்டுகிற அமைப்பில் 50, 60 பவுண்டு நிற்கவே நிற்காது. ஆக உங்கள் 13, 14 சரியான அளவு. சூடான பிறகு ஐடிலில் முள் அடியைத் தொடுவதும் இந்த வண்டிகளில் சாதாரணம். ஆனால் அந்த முள் சொல்வது பம்ப் தள்ளுகிறது, மெயின் பேரிங் வழியில் ஆயில் இருக்கிறது என்பதை மட்டும்தான். ராடு பேரிங் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் கையாலேயே ஒரு இன்ஜினைக் கெடுத்துத்தான். சேம்பரைக் கழற்றி டீசலில் கழுவச் சொன்னார்கள். கழுவி நிமிர்த்தும்போது கை வழுக்கி சிமெண்ட் தரையில் போட்டேன். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, துடைத்து மாட்டிவிட்டோம். கேஜ் அருமையாக 15 காட்டியது. பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டி மறுநாள் 'டொக் டொக்' என்று திரும்பி வந்தது. அப்போதும் முள் 15-லேயே நின்றுகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஐந்தாம் நம்பர் ராடில் வொயிட் மெட்டல், அதாவது பேரிங்காக ஊற்றியிருக்கும் மென்மையான உலோகம், உருகி வழிந்து கிடந்தது. ஐந்தாவது நாசில் ஒரு நூல் அளவு வளைந்து, ஆயில் கம்பி கரண்டிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த வொயிட் மெட்டல் 240 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கிவிடும், காய்ந்த பேரிங்குக்கு அந்தச் சூடு பெரிய விஷயம் இல்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. மறுபடி மெட்டல் ஊற்றி, எங்கே உரசுகிறது என்று காட்டும் ப்ளூ சாயம் தடவி, பேரிங்கைச் சுரண்டிச் சுரண்டிப் படிய வைக்கிற வேலை முழுவதையும் என்னையே செய்ய வைத்தார். அது திட்டைவிட மோசம்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பழகிய இன்ஜின் எல்லாம் முழு பிரஷர் இன்ஜின். அதில் 14 பவுண்டு என்றால் பதறத்தான் வேண்டும். பெட்ஃபோர்டு ஆறு சிலிண்டர்கூட வெளியிலிருந்து பார்த்தால் செவர்லெட்டுக்கு அண்ணன் தம்பி ஜாடை, ஆனால் அதில் ராடுக்கு பிரஷரில் ஆயில் போகும். செவர்லெட்டிலேயே லாரிகளுக்கான 235 இன்ஜின் 1953 வரை கரண்டி வைத்தது, 1954 முதல் முழு பிரஷர். போகப் போக ஒரே உருவத்துக்குள் இரண்டு சாதி. அதனால் மாடல் வருடத்தை நம்பாமல் சேம்பரை இறக்கிப் பாருங்கள். ராடு கேப்பில் கரண்டி இருந்தால் நான் சொன்னதெல்லாம் பொருந்தும். இல்லாமல், கிராங்க் பின்னில் ஆயில் துளை இருந்தால் யாரோ எப்போதோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள்; அப்படியானால் மெக்கானிக் சொன்ன பயம் நியாயம்தான்.

கரண்டி இன்ஜின்தான் என்றால் அவர் சொன்ன இரண்டு வைத்தியமும் வேண்டாம். ஸ்பிரிங்கை இழுத்தால் முள் ஏறும், கரண்டி வாய்க்குள் போகும் ஆயில் அதனால் ஏறாது. 50 நம்பர் ஆயில் அதைவிட மோசம். கெட்டியான ஆயில் கேஜை நிமிர்த்திக் காட்டும், ஆனால் காலை ஸ்டார்ட்டில் தொட்டி நிரம்பத் தாமதமாகும், கேப்பில் இருக்கும் சின்னத் துளைக்குள் புகவும் மறுக்கும். முள் அழகாக நிற்கும், ராடு பட்டினி கிடக்கும்.

இங்கிருந்து பார்த்து நான் சொல்ல முடியாததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெயின் பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பம்ப் கியர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் முள் கதையை வைத்துச் சொல்லக்கூடியதல்ல. ஐடிலில் முள் படுப்பதற்கு நல்ல இன்ஜினும் காரணமாக இருக்கலாம், தேய்ந்த இன்ஜினும் காரணமாக இருக்கலாம். பல வருடம் கிடந்த வண்டியில் கேஜே பொய் சொல்லலாம். வேறொரு கேஜை மாட்டி ஒத்துப் பாருங்கள். ராக்கர் கவரைத் திறந்து வைத்து ஐடிலில் ஓடவிட்டு, பன்னிரண்டு ராக்கர்களிலும் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். மேல் குழாய் அடைத்திருந்தால் அங்கே காய்ந்து கிடக்கும், கேஜில் தெரியாது. பிறகு காது. இன்ஜின் சூடான பின் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, காலை எடுக்கும் அந்த நொடியில் மெல்லிய தட்டல் கேட்டால் ராடு மேல் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு பிளக்காக ஷார்ட் செய்து பாருங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அந்த ராடுதான். ஆழமாக, இருமுவது போல் வரும் சத்தம் மெயினாக இருக்கலாம் என்பார்கள். அதை வெறும் காதால் அடித்துச் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எது எப்படியானாலும், இன்னும் ஓட்டாமல் சேம்பரை ஒருமுறை இறக்கிவிடுங்கள். இத்தனை வருடம் கிடந்த வண்டியில் தொட்டிக்குள் கறுப்புக் களிம்பு இறுகிப் போயிருக்கும். தொட்டி ஆழம் குறைந்தால் கரண்டிக்கு ஆயில் குறையும். வலைத் தொப்பியிலும் அதே களிம்பு இருக்கும். ஆறு கரண்டிகளின் வாயும் கேம் ஷாஃப்ட் பக்கம் பார்த்திருக்க வேண்டும், அடியில் கடக்கும்போது ராடு போகும் திசை அதுதான். ஒரு கேப்பைத் திருப்பிப் போட்டிருந்தால் அந்தக் கரண்டி ஆயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும். கரண்டி வளைந்திருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா என்று மெல்லிய செப்புக் கம்பி விட்டுப் பாருங்கள். நாசில்களுக்கு ஒரு பழைய முறை உண்டு, கம்பெனிக் கையேட்டிலேயே சொன்னதுதான்: சேம்பரை வெளியே சமமாக வைத்து, ஆயில் பைப் வாயில் தண்ணீர் ஹோஸைச் செருகித் திறந்தால் ஆறு கம்பியும் கண்ணுக்குத் தெரியும். அளவு பார்க்கத் தனிக் கருவி ஒன்று உண்டு, இப்போது கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டாலும் ஆறும் ஒரே சாய்வில் போகிறதா, ஒன்று மட்டும் தளர்ந்தோ விலகியோ போகிறதா என்பது கண்ணிலேயே பிடிபடும். ஒன்றை மட்டும் சரிசெய்ய வேண்டியிருந்தால் மற்ற ஐந்தைப் பார்த்து வளைக்கலாம். அதற்கு மேல் ஊகத்தில் வளைக்காதீர்கள். முடிந்ததும் தண்ணீர் ஒரு பொட்டு இல்லாமல் காற்றடித்துக் காய வையுங்கள். ராடு கேப்புக்கு இடையில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தளர்வு இருந்தால் ஒரு தகட்டை எடுத்து இறுக்கம் பார்ப்பதுதான் அந்தக் கால வழக்கம். எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கேப்பைத் தொடாதீர்கள்.

ஆயில் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. இங்கத்திய வெயிலுக்கு நான் 30 நம்பர் போடுவேன், அதற்குமேல் போக மாட்டேன். அழுக்கைக் கரைக்கும் மருந்து கலந்த டிடர்ஜென்ட் ஆயில் பற்றித்தான் சண்டை. அது பழைய களிம்பைக் கரைத்து எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் அடைத்துவிடும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் வதந்தி, தாராளமாக ஊற்றலாம் என்று இன்னொரு கட்சி. சேம்பரையும் டேப்பெட் அறையையும் கையால் சுத்தம் செய்த பிறகு டிடர்ஜென்ட் ஊற்றி நான் ஒரு கெடுதலும் கண்டதில்லை. சுத்தம் செய்யாமல் ஊற்றிய வண்டி ஒன்றில் வலை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வண்டிதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. உங்கள் வண்டியில் பக்கத்தில் டப்பா மாதிரி ஃபில்டர் இருந்தால் அது பைபாஸ் வகை. ஓடும் ஆயிலில் ஒரு பங்கு மட்டும் அதன் வழியே போய் வடிந்து திரும்பும், மீதி வடிகட்டாமலே சுற்றும். அதனால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் ஆயிலை அடிக்கடி மாற்றுங்கள். மொத்த ஆயிலையும் ஃபில்டர் வழியாக விடுகிறேன் என்று யாராவது பைப் மாற்ற வந்தால் விடாதீர்கள், இருக்கிற 14 பவுண்டில் அது கைவைக்கும்.

ஓட்டும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இன்ஜினில் அதுவும் ஆயில் விஷயம்தான். டாப் கியரில் மேட்டில் திணறவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் ராடுக்கு எமன். சுமை முழுதாக இருக்கும், கரண்டி வேகம் இருக்காது. பழைய டிரைவர்கள் மேடு தெரிந்ததுமே கியரை இறக்கியது வண்டிக்கு இழுவை கிடைக்க மட்டும் அல்ல. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: 3,000-க்கு மேல் விரட்டினால் பிஸ்டன் எடையே ராடைப் பிடித்து உலுக்கும், வொயிட் மெட்டல் அந்த அடியைத் தாங்காது. நடுவில் ஒரு சுகமான வேகம் இருக்கிறது, இன்ஜின் சத்தமே காட்டிக்கொடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் வேண்டாம். இந்த இன்ஜினில் உள்காற்று வெளியேற ஒரு குழாய் மட்டும் கீழே தொங்குகிறது, வண்டி ஓடினால்தான் அது இழுக்கும். நின்றபடி ஓடினால் உள்ளே தண்ணீர் கோத்து மறுபடி களிம்பாகும்.

சேம்பரை மாட்டிய பிறகு நேராக செல்ஃபைத் தட்டிவிடாதீர்கள். கழுவிய தொட்டிகள் காலியாக இருக்கும், முதல் சில நொடி கரண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. மாட்டுவதற்கு முன் ஆறு தொட்டியிலும் ஆயிலை நிரப்பி, சாய்க்காமல் மேலே ஏற்றுங்கள். இரண்டு பேர் வேலை. பிறகு இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரின் நிலையைக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அந்த ஓட்டைக்குள் பம்ப் ஷாஃப்டின் தலை தெரியும். நீளமான கம்பியை டிரில்லில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். கேஜ் முள் அசைந்து, மேலே ராக்கரில் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை விடாமல் சுற்றுங்கள். சேம்பரை இறக்கியதும் கரண்டி தெரியும்படி ஆறு கேப்பையும், அவற்றில் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.